ரேசர் கம்பெனிக்காரர்கள் தாடி வளர்த்த வருடம்

1

செல்விக்கும் முத்துவுக்கும் பெரியப்பா எழுதுவது.

தீபாவளிக்கு எடுத்த போட்டோவை அருண் இன்டர்நெட்டில் உங்களுக்கு அனுப்பியிருந்தானாம். அதைப் பார்த்துவிட்டுப் போன வாரம் செல்வி போனில் கேட்டாள்: "பெரியப்பா, நீங்க சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் ஏன் சிரிக்குது? இன்னொரு பக்கம் கோவமா இருக்கே." பின்னாலிருந்து உங்கள் அப்பா, "ஏட்டி, போனை வையி" என்று அதட்டியது எனக்கும் கேட்டது.

தம்பி அதட்டியிருக்க வேண்டாம். கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் அண்ணன் அருணுக்குத் தமிழ் பேச வரும், அதுவும் தட்டுத்தடுமாறி. படிக்க வராது. புனேயில் வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், இந்தி, மராட்டி மூன்றும் உட்கார்ந்துகொண்டதில் தமிழுக்கு பெஞ்சில் இடமில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். அவன் பெயரை எழுதியிருப்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. நீங்கள் படித்துவிட்டு அவனுக்குச் சொல்லுங்கள். நான் நேரில் சொன்னால் கேட்கமாட்டான்.

என் வாயின் இடது பக்கம் சிரிக்காததற்குக் காரணம், அங்கே தாடை எலும்பு உடைந்து கோணலாக ஒட்டியிருப்பது. உடைத்தவன் பெயர் தத்தா. வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே பக்கத்தில் ஆகுர்டியில் ஒரு ஷெட்டில் அவனும் நானும் நேருக்கு நேர் நிற்க வேண்டியிருக்கிறது. அவன் மகனும் அருணும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்குகிறார்கள். அப்பாக்கள் இரண்டு பேரும் வந்தால்தான் அது நடக்கும்.

நான் போனால் அவனை அடிப்பேன். அடித்தால் அருணின் தொழில் போய்விடும். போகாவிட்டாலும் போய்விடும். இன்றைக்கு வியாழக்கிழமை.

2

முதலில் சவரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது தெரியாவிட்டால் இந்த அடிதடி உங்களுக்குப் புரியாது.

காய்ந்த மயிர் கம்பி மாதிரி. வெந்நீரில் ஊறினால் இளகிவிடும். ஆதியில் சிப்பியாலும் தீட்டிய கல்லாலும் மழித்தார்கள் என்று படித்திருக்கிறேன். பிறகு வெண்கலம் வந்தது, இரும்பு வந்தது. கத்தி எத்தனை தடவை மாறினாலும் தண்ணீர் மாறவில்லை. முகத்தை நனைத்து, பிரஷ்ஷைச் சோப்பில் சுழற்றி நுரை எழுப்பி, அந்த நுரையை முகத்தில் ஏற்றி, பிறகுதான் கத்தியை வைக்க வேண்டும். நுரை தோலுக்கும் கத்திக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசும். முடிந்ததும் படிகாரக் கல்லை ஈரத்தோடு தேய்த்தால் வெட்டுப்பட்ட இடமெல்லாம் எரிந்து காட்டிக்கொடுக்கும்.

நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது மடக்குக் கத்திதான். அதைத் தோல் வாரில் தீட்டித் தீட்டி வழிப்பார்கள். இரண்டு பக்கமும் கூர் உள்ள மெல்லிய பிளேடும், அதைக் கவ்விப் பிடிக்கும் ரேசரும் வெளிநாட்டில் வந்த பிறகு, அவரவர் முகத்தை அவரவரே வழித்துக்கொள்ளலாம் என்று ஆனது. முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்குத் துப்பாக்கியோடு ரேசரும் கொடுத்து அனுப்பினார்களாம். தாடி இருந்தால் விஷப்புகை முகமூடி சரியாக உட்காராது. போருக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது அந்தப் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

சவரம் சாதுவான காரியம் என்று நினைக்காதீர்கள். தோற்றவனின் மீசையை ஜெயித்தவன் எடுத்திருக்கிறான். திருடனைப் பிடித்தால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றியிருக்கிறார்கள். அடுத்தவன் முகத்தில் மயிர் இருக்கலாமா கூடாதா என்று ஒருவன் சொல்ல ஆரம்பித்தால், பின்னாலேயே அடி வருகிறது என்று அர்த்தம்.

நான் ஊரைவிட்டு வந்து சேர்ந்த கம்பெனி இந்த ரேசர்களைத்தான் செய்தது. மூன்று துண்டு: மேல் மூடி, நடுத்தட்டு, கைப்பிடி. கைப்பிடிதான் என் வேலை. பித்தளைக் கம்பியை லேத்தில் மாட்டிக் கடைந்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பு ஏற்ற வேண்டும். அதற்கு நர்லிங் என்று பெயர். அது இல்லாவிட்டால் சோப்புக் கையில் ரேசர் வழுக்கும். நான் கடைந்தது பிளேட்டிங் பகுதிக்குப் போகும். அங்கே நிக்கல் தொட்டியில் முக்கி எடுத்து வெள்ளிபோல ஆக்குவார்கள். அந்தத் தொட்டிக்குப் பொறுப்பாக இருந்தவன் தத்தா.

அப்போது எங்களுக்குள் பகை ஒன்றும் கிடையாது. சதாரா பக்கத்துக்காரன். நல்ல உடம்பு, நல்ல குரல். என்னை "அண்ணா" என்பான். இங்கே நம் பக்கத்து ஆள் எல்லாருமே அவர்களுக்கு அண்ணாதான், தம்பி வயதில் இருந்தாலும்.

3

தொண்ணூறுகளின் நடுவில் கடைகளில் பிளாஸ்டிக் ரேசர் வந்து குவிந்தது. வழித்துவிட்டுத் தூக்கிப்போடுவது. டப்பாவை அமுக்கினால் நுரையும் தானே வந்தது. பிரஷ் எதற்கு, சோப்பு எதற்கு, எங்கள் பித்தளை எதற்கு? ஆர்டர் படுத்துவிட்டது. முதலாளி பாதிப் பேரை வேலையைவிட்டு நிற்கச் சொன்னார். யூனியன் மறுத்தது. கேட்டைப் பூட்டிவிட்டார்.

கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தோம். தத்தாதான் எங்கள் தலைவன். முதல் நாள் ஒரு டிரம்மின்மேல் ஏறி நின்று பேசினான்.

"ஊருக்கெல்லாம் ரேசர் செய்யறவங்க நாம. இந்த கேட் திறக்கிற வரைக்கும் நம்ம முகத்துல ரேசர் படாது. எவன் முகம் வழவழன்னு இருக்கோ, அவன் முதலாளி வீட்டு மாப்பிள்ளை."

எல்லாரும் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தோம். தாடி வளர்ந்தது. அந்தத் தாடியைப் பார்த்து டீக்கடையில் கடன் கொடுத்தார்கள், பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள். முதலாளிக்கு எரிச்சல். பின்வாசல் வழியாகச் சிலரை ரகசியமாக வேலைக்கு எடுத்தார். அவர் போட்ட ஒரே நிபந்தனை, தாடியை எடுத்துவிட்டு வர வேண்டும் என்பது. அன்றிலிருந்து கேட்டுக்கு எதிரே முகம்தான் சாட்சி. தாடி இருந்தால் நம் ஆள். இல்லாவிட்டால் துரோகி. அப்படி இரண்டு பேரைப் பிடித்து உதைத்தார்கள். ஒருவனுக்குக் கை முறிந்தது. நானும் பந்தலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து தந்தி வந்தது. எங்கள் சித்தப்பா, உங்களுக்குச் சின்னத் தாத்தா, தவறிவிட்டார். ரயில் கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது விசேஷத்துக்கு முந்தின நாள் ஆகிவிட்டது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கொள்ளி வைத்த மகனுக்கு மொட்டை. பங்காளிகளுக்கு முகச்சவரம், மீசையோடு. தலையில் கை வைக்கமாட்டார்கள். கண்மாய்க்கரையில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நான் உங்கள் தாத்தாவிடம் மெதுவாகச் சொன்னேன்:

"அப்பா, எனக்கு மட்டும் தாடி இருக்கட்டும். கம்பெனியில சத்தியம் பண்ணிருக்கோம்."

"எந்தக் கம்பெனியில? பூட்டிக்கெடக்கிற கம்பெனியிலயா?"

"ஆமா."

"நாளைக்கு நான் செத்தா உன் யூனியன்காரனா வந்து தண்ணிக்குடம் ஒடைக்கப் போறான்? உக்காருலே."

உங்கள் அப்பா அந்த இடத்திலும் சும்மா இருக்கவில்லை. "எடுத்திருங்கண்ணே. சாமியாரு கணக்கா இருக்கீக. மதினிக்கு அடையாளம் தெரியாமப் போயிரும்" என்றான். பங்காளிகள் சிரித்தார்கள்.

சவரம் செய்தவர் மடக்குக் கத்தியை விட்டுவிட்டுப் பாதி பிளேடைச் செருகும் கத்திக்கு மாறியிருந்தார். ரத்தத்தில் ஒட்டும் புது நோயைப் பற்றி அப்போது ஊரெல்லாம் பயம். ஆளுக்கு ஒரு புதுப் பிளேடு. என் தாடி நீளமாக இருந்ததால் நுரையை இரண்டு தடவை ஏற்றி ஊறவைத்து எடுத்தார். கண்மாய்க் காற்று கன்னத்தில் பட்டபோது சுகமாகத்தான் இருந்தது. தலைமயிர் இருக்கிறதே என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஏன் வரவேண்டும்? நமக்கு அதுதானே வழக்கம்.

4

புனேயில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் பந்தலுக்குப் போனேன். நாள்கணக்கில் வராமல் இருந்துவிட்டோமே, தலையைக் காட்டிவிட்டுப் போவோம் என்று. தலையைத்தான் காட்டினேன்.

தாடிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. தத்தா எழுந்து வந்தான்.

"வாங்க மாப்பிள்ளை. மாமனார் வீட்டுல சாப்பாடு எப்படி?"

என் இந்தி அப்போது கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். "ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா செத்துட்டார். அதனால எடுத்தேன்" என்றேன்.

தத்தா என் தலையைப் பார்த்தான். கையை நீட்டி முன்மயிரைக் கொத்தாகப் பிடித்தான்.

"சித்தப்பா செத்தா தலையில மயிர் ஏன் இருக்கு?"

அவர்கள் பக்கம் சாவுக்கு மழித்தால் தலையும் சேர்ந்துதான் போகும். தலை நிறைய மயிரும் மழித்த முகமுமாக ஒருவன் வந்தால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். மகனுக்கு மொட்டை, பங்காளிக்கு முகம் மட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல என்னிடம் இந்தியும் இல்லை, நேரமும் இல்லை.

"செத்த மனுஷன் பேரைச் சொல்லிப் பொய் சொல்றான்" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

முதல் அடி கையால். காது அடைத்துவிட்டது. நான் திருப்பி அடித்தேன். தத்தாவின் மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. அவ்வளவுதான், எல்லாரும் விழுந்தார்கள். பந்தலுக்கு முட்டுக்கொடுத்திருந்த பித்தளைக் கம்பியைத் தத்தா பிடுங்கினான். நான் தினமும் லேத்தில் மாட்டிய அதே கனக் கம்பி. அது தாடையில் பட்டபோது விறகு முறிகிற சத்தம் என் தலைக்குள்ளிருந்து வந்தது. கீழே விழுந்த பிறகு வயிற்றில், முதுகில், கை விரல்களில் மிதித்தார்கள். ஒருவன் என் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். தத்தா குனிந்து, ரத்தம் வழிந்துகொண்டிருந்த என் கன்னத்தை உள்ளங்கையால் தடவினான்.

"எவ்வளவு வழவழப்பு பாருங்கடா" என்றான்.

செல்வி, அடி எனக்கு மறந்துவிட்டது. அந்தத் தடவல் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். உங்கள் பெரியம்மா கஞ்சித் தண்ணீரைக் குழாயில் ஊற்றுவாள், நான் உறிஞ்சுவேன். கம்பியை அவிழ்த்த பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஹவல்தார் கேட்டார்:

"சண்டைக்குக் காரணம்?"

"தாடி, சாப்."

"யாருடைய தாடி?"

"என்னுடையது."

"அதைப் பிடிச்சு இழுத்தானா?"

"இல்லாததுதான் காரணம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சித்தப்பா இறந்ததற்கு அத்தாட்சி கேட்டார். உங்கள் தாத்தா பஞ்சாயத்து ஆபீஸுக்கு நடையாய் நடந்து சர்டிபிகேட் வாங்கி அனுப்பினார். ஹவல்தார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எது மேல், எது கீழ்?" என்றார். மராட்டியில் மாற்றி, ஒரு அதிகாரியின் சீலோடு கொண்டுவரச் சொன்னார். தமிழும் மராட்டியும் தெரிந்து சீலும் வைத்திருக்கும் அதிகாரி எனக்குக் கிடைக்கவில்லை. கேஸ் அப்படியே கிடந்து செத்தது.

அதற்குள் ஸ்டிரைக்கும் செத்துவிட்டது. கம்பெனி மெஷின்களை விற்றுவிட்டது. எல்லாரும் ஒவ்வொருவராகத் தாடியை எடுத்தார்கள். உடைந்த தாடையில் ரேசர் வைக்க முடியாததால் நான் மட்டும் எடுக்கவில்லை. கடைசியில் அந்தக் கம்பெனியிலேயே நீளமான தாடி என்னுடையதுதான்.

5

எனக்கு வேறு கம்பெனியில் லேத் வேலை கிடைத்தது. தத்தா நிக்டியில் ஆறு சீட்டு டெம்போ ஓட்டினான். நாங்களும் நிக்டியில்தான் குடியிருந்தோம். தினமும் ஸ்டாண்டில் அவன் முகம். வழித்து, பவுடர் போட்டு, நன்றாக இருந்தான். எனக்குத் தோசையைக்கூட மென்று தின்ன முடியாது.

ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போது பையில் லேத்தின் சக் கீ இருந்தது. கனமான இரும்பு. அவன் டெம்போவை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். முன்கண்ணாடியை அடித்து நொறுக்கினேன். லைட் இரண்டையும் உடைத்தேன். அவன் ஓடிவந்தான். சக் கீயை ஓங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வரவில்லை.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரம் நாலு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். கல் எறிந்தார்கள். ஜன்னல் முழுவதும் உள்ளே கொட்டியது. அருண் அப்போது மூன்றாம் வகுப்பு. ஜன்னலுக்கு அடியில் பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பயந்து எழுந்து ஓடியவன் கண்ணாடிமேல் மிதித்துவிட்டான். உள்ளங்காலில் எலும்பு தெரிந்தது.

தையல் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்குப் பெரியம்மா என்னிடம் சொன்னாள்: "நீக அவன் கண்ணாடிய ஒடைச்சீக. அவன் நம்ம கண்ணாடிய ஒடைச்சான். இனிமே ஒடைக்கிறதுக்கு நம்ம வீட்டுல பிள்ளைதான் இருக்கு. யோசிச்சு ஒடைங்க."

அதற்குப் பிறகு நான் கை வைக்கவில்லை. அவனும் வரவில்லை. சமாதானம் என்று நினைக்காதீர்கள். லேத்தில் கம்பியைக் கடையும்போதெல்லாம் அவன் தாடையைத்தான் கடைந்தேன்.

6

அருண் பெரியவனாகி ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தான். அவன் குளியலறையில் என்னென்னவோ வந்தது. மூன்று பிளேடு வைத்த ரேசர், ஜெல். அதையெல்லாம் ஒருநாள் தூக்கிப்போட்டுவிட்டு, பிரஷ்ஷும் வட்டச் சோப்பும் கிண்ணமும் வாங்கி வந்தான். அரை மணி நேரம் நுரை அடித்தான். அடித்த நுரையைப் போட்டோ எடுத்தான்.

"எதுக்குப்பா நுரையைப் போட்டோ எடுக்க?"

"ஃபோரம்ல போடணும், அப்பா. அமெரிக்கா, இங்கிலாந்து, எல்லா இடத்துலயும் ஆளுங்க இருக்காங்க. மத்லப், அதாவது, எல்லாரும் பழைய மாதிரி ஷேவ் பண்றவங்க. என் நுரை கொஞ்சம் ட்ரையா இருக்குன்னு ஒருத்தர் சொல்றார்."

எவனோ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு என் மகன் நுரைக்கு மார்க் போடுகிறான் என்று சிரித்தேன். ஆனால் உண்மைதான். மூன்று பிளேடு, நாலு பிளேடு என்று வாங்கித் தோல் எரிந்து சலித்தவர்கள் உலகம் முழுக்கப் பழைய பித்தளை ரேசரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அருண் ஜூனா பஜாரில் பழைய இரும்புக் குவியலுக்குள்ளிருந்து ஒன்றைப் பொறுக்கி வந்தான். எங்கள் கம்பெனி ரேசர்.

"இதுல கைப்பிடி நான் செஞ்சது" என்றேன்.

அருண் அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். அதுவரைக்கும் அவன் பிரண்டுகளிடம் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னதே இல்லை. அன்றைக்குப் போன் போட்டு ஒருவனிடம் மராட்டியில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

அந்த ஒருவன்தான் நிலேஷ். கல்லூரிச் சிநேகிதன், மெக்கானிக்கல் படித்தவன், அவனுக்கும் இதே பைத்தியம். இரண்டு பேரும் பித்தளை ரேசர் செய்து வெளிநாட்டுக்கு விற்பது என்று முடிவு செய்தார்கள். ஆகுர்டியில் ஷெட் எடுத்தார்கள், பழைய லேத் வாங்கினார்கள். அருண் வேலையை விட்டுவிட்டான். எல்லாம் ஆன பிறகுதான் சொன்னான்.

"பிளேட்டிங் நிலேஷோட பாபா பார்த்துக்குவார். அவரும் உங்க கம்பெனிதான். தத்தா காக்கா."

காக்கா என்றால் மராட்டியில் சித்தப்பா. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"உன் கால்ல தையல் யாரு போட்டது தெரியுமா?"

"டாக்டர்."

"விளையாடாதலே."

"தெரியும் அப்பா. நிலேஷுக்கும் தெரியும். ஃபர்ஸ்ட் இயர்லயே பேசிட்டோம். நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டீங்க. நாங்க அடிச்சிக்கலையே. நீங்க வரணும். வேற யாருக்கும் அந்த நர்லிங் வரல, மூணு பேரை வெச்சுப் பார்த்துட்டோம்."

அவன் போன பிறகு பெரியம்மா சொன்னாள்: "நீக போனா கை நீட்டுவீக. எனக்குத் தெரியும். நீட்டினா இவன் இந்த வீட்டுல இருக்கமாட்டான். அதுவும் தெரியும்."

"அப்ப போகவேண்டாங்கிறியா?"

"போகலைன்னா மட்டும் இருப்பானா?"

இன்றைக்குச் சனிக்கிழமை. இதுவரைக்கும் எழுதியதை மடித்து வைக்கிறேன்.

7

இதைப் புதன்கிழமை எழுதுகிறேன். இடது கை முழுக்கக் கட்டு, வலது கைதான் வேலை செய்கிறது.

போனேன். ஷெட்டில் தடுப்புக்குப் பின்னால் அருண் லேத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிலேஷ் டீ வாங்கப் போயிருந்தான். தத்தா நிக்கல் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றான். மயிர் நரைத்து, கண்ணாடி போட்டு, உடம்பு பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தான். தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். கையைக் கட்டிக்கொண்டான்.

நான் அடித்தேன். கையை முறுக்கி, தாடையில். தொட்டிச் சட்டத்தில் மோதிக் கீழே உட்கார்ந்தான். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் வடிந்தது.

துப்பிவிட்டு மேலே பார்த்தான். "இத்தனை வருஷமா பயந்துக்கிட்டிருந்தேன், அண்ணா. இவ்வளவுதானா?"

இன்னொன்று கொடுக்கக் கையை ஓங்கினேன். அப்போதுதான் நிலேஷ் உள்ளே வந்தான். அப்பா ரத்தத்தோடு கீழே கிடக்கிறார், நான் மேலே நிற்கிறேன். கையிலிருந்த டீ கெட்டிலை என்மேல் வீசினான். கொதிக்கிற டீ முழங்கை வரை கொட்டியது. நான் கத்தினேன். அந்தச் சத்தத்துக்கு அருண் வந்தான்.

என் மகன் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. நிலேஷின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். நிலேஷ் முட்டியால் வயிற்றில் இடித்தான். இரண்டு பேரும் உருண்டார்கள். அமிலக் கேன் ஒன்று சாய்ந்து தரையில் புகைந்தது. அருண் மேலே வந்துவிட்டான். நிலேஷின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கைக்கு எட்டிய பெரிய ஸ்பானரை எடுத்தான். மராட்டியில் என்னவோ சொல்லிக்கொண்டே அதை ஓங்கினான். அவன் கண் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. நிலேஷின் தாடையைத்தான் பார்த்தது.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. ஸ்பானர் பிடித்த கையை நான் பிடித்தேன். அருணை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கியது தத்தா. அவன் உதட்டு ரத்தம் அருணின் முதுகெல்லாம் ஒட்டியது. நான் நிலேஷின் மேல் விழுந்து அவனை எழவிடாமல் அழுத்திக்கொண்டேன். அவன் என் வெந்த கையில் குத்தினான். "குத்துடா, என்னைக் குத்து" என்று தமிழில் சொன்னேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, நிறுத்திவிட்டான்.

அமிலத்தில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டோம். அருண் ஒரு மூலையில், நிலேஷ் ஒரு மூலையில். கல்லூரி முதல் நாளிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

நானும் தத்தாவும் வாசலில் உட்கார்ந்தோம். என் கையில் தண்ணீர் ஊற்றினான். நான் ஷெட்டில் கிடந்த படிகாரக் கல்லை எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். உதட்டில் வைத்து முகத்தைச் சுளித்தான்.

"உன் சித்தப்பா நிஜமாவே செத்தாரா?"

"நிஜமா."

"அப்ப தலை?"

சொன்னேன். இப்போது என் இந்தி நன்றாக இருக்கிறது. மகனுக்கு மொட்டை, பங்காளிக்கு முகம். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"எந்த வாயால?"

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு சண்டை வந்திருக்கும்.

செல்வி, முத்து, அருணிடம் இதைச் சொல்லுங்கள். தத்தாவை அடிக்கப் போகிறேன் என்று எனக்கு முன்பே தெரியும். அடித்தால் நிம்மதி வரும் என்றும் நினைத்திருந்தேன். வந்தது. நிலேஷ் கதவைத் திறக்கிற வரைக்கும் இருந்தது. பெரியம்மா பயந்ததுபோல அருண் வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. என்னோடுதான் ஷெட்டுக்கு வருகிறான், என்னோடுதான் திரும்புகிறான். ஆனால் நிலேஷ் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. ஆர்டர் இருக்கிறது, ஒப்புக்கொண்ட வேலை இருக்கிறது, இரண்டு பேரும் விட்டுப் போகவும் இல்லை, பேசிக்கொள்ளவும் இல்லை.

அதனால் நாங்கள் பேசுகிறோம். "பித்தளை எப்ப வரும்னு உன் பையன்கிட்ட கேளு" என்று நான் தத்தாவிடம் சொல்கிறேன். அவன் போய்க் கேட்டுவிட்டு வந்து, "நாளைக்கு. மூடியோட அளவு என்னன்னு உன் பையன்கிட்ட கேளு" என்கிறான். நாலடி தூரத்தில் இருக்கும் இரண்டு பையன்களுக்கு நடுவே இரண்டு கிழவர்கள் நாள் முழுக்க நடக்கிறோம். தத்தாவை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவன் என் கன்னத்தைத் தடவியதை நினைத்தால் இப்போதும் கை முறுக்கிக்கொள்கிறது. லேத் ஓடும்போது அவனுக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் ஷெட்டில் எந்தப் பையன் ஸ்பானரைக் கையில் எடுத்தாலும், நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறோம்.